குட்டி எப்போ சார் வரும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, தத்தெடுத்த பூனைக்குட்டி வீட்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கிறது ஒரு தனி அவஸ்தைனு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அந்த அவஸ்தைதான். அதனால இந்தத் தடவை முழுக்கப் பூனைக்குட்டி. நாய் வளர்க்கிறவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் உங்க முறை.

கேள்வி: மீட்டு வச்சிருக்கிற குட்டிங்கள்ல ரெண்டை நாங்க எடுத்துக்கிறோம்னு எழுதிக் கொடுத்திருக்கோம் சார். பார்க்கப் போனப்போ அதுங்களுக்கு 5 வாரம். இன்னும் 3 வாரம் ஆகட்டும்னாங்க, சரின்னு வந்துட்டோம். இப்போ ஃபோன் பண்ணா ஒண்ணு தும்முதாம், இன்னும் 2 வாரம் தள்ளிப்போகுமாம். பசங்க காலண்டர்ல தினமும் கட்டம் அடிக்கிறாங்க. பால் கொடுக்கிறது, மருந்து கொடுக்கிறது எல்லாம் நாங்க பண்ணிக்க மாட்டோமா? நிஜமாவே காரணம் இருக்கா, இல்ல இழுத்தடிக்கிறாங்களா?

பதில்: இழுத்தடிக்கல. உங்க குட்டி நல்ல கையில இருக்குன்னு அர்த்தம். கேட்ட உடனே 5 வாரக் குட்டியைத் தூக்கிக் கொடுத்திருந்தாங்கன்னா அப்போதான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

5 வாரக் குட்டி பார்க்க எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கும், ஓடும், குதிக்கும், தட்டுல வாயை வைக்கும். ஆனா 4 வாரத்துலதான் அது திட உணவை மோந்தே பார்க்க ஆரம்பிச்சிருக்கும், அம்மா பால் முழுசா மறக்கிறதுக்கு 8 வாரம் ஆகிடும். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கிற ஜீவன், தினமும் 10லேருந்து 15 கிராம் ஏறணும், 8 வாரத்துல கிட்டத்தட்ட 1 கிலோவைத் தொடணும். பல இடங்கள்ல அந்த 1 கிலோ வந்தாத்தான் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனே பண்ணுவாங்க, அது முடிஞ்சாத்தான் கையில கொடுப்பாங்க. அதனால உங்க பசங்க காலண்டரைப் பார்க்கிறதை விட, அங்க இருக்கிறவங்ககிட்ட வாரம் ஒரு தடவை எடை கேட்டு எழுதி வச்சா இன்னும் சுவாரசியமா இருக்கும். 640, 735, 820னு ஏறுறதைப் பார்க்கிறது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

அடுத்தது தடுப்பூசி விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. குட்டி பிறந்த உடனே அம்மாகிட்ட குடிக்கிற சீம்பால்ல நோய் எதிர்ப்புச் சக்தி கிடைக்குது இல்லையா, அது குட்டியைக் காப்பாத்துற வரைக்கும் நல்லதுதான், ஆனா அதே சக்தி நாம போடுற ஊசியையும் "யாருடா நீ"ன்னு அடிச்சு விரட்டிடும். அது எப்போ தீரும்ங்கிறது குட்டிக்குக் குட்டி மாறும், ஒண்ணுக்கு 6 வாரத்துலயே தீர்ந்துடும், இன்னொண்ணுக்கு 16 வாரம் வரைக்கும் கூட இழுக்கும். வெளியேருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் 6லேருந்து 8 வாரத்துக்குள்ள முதல் ஊசி ஆரம்பிச்சு, 3, 4 வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் தாண்டுற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுறது. ஒரு ஊசி போட்டாச்சே, போதும்னு நினைச்சா ஏமாந்துடுவோம். வெறிநோய் ஊசி தனி, அது பொதுவா 12 வாரத்துக்கு மேலதான்.

தும்மலை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. குட்டிங்களுக்கு வர்ற சளித் தொல்லையில பெரும்பாலானது ஹெர்ப்பீஸ், கலிசின்னு ரெண்டு வைரஸால வர்றது. மூக்கு அடைச்சா வாசனை தெரியாது, வாசனை தெரியலன்னா பூனை சாப்பிடாது, அந்த வயசுல ஒரு நாள் சாப்பிடலன்னாலே பெரிய விஷயம். இன்னொண்ணு, ஹெர்ப்பீஸ் உடம்புல ஒரு தடவை புகுந்தா அப்படியே ஒளிஞ்சு உட்கார்ந்துக்கும், உடம்பு அசந்து போறப்போ, பயப்படுறப்போ திரும்பத் தலை தூக்கும். வீடு மாறுறதை விட ஒரு குட்டிக்கு வேற என்ன பயம் வேணும் சொல்லுங்க? அதனால அது நல்லா தேறின பிறகு கொடுக்கிறேன்னு சொல்றாங்க. அது நியாயம்.

பால்னு எழுதியிருந்தீங்க. மாட்டுப் பால் வேண்டவே வேண்டாம். பால்ல இருக்கிற சர்க்கரையை ஜீரணிக்கிற சக்தி பூனைக்கு வளர வளரக் குறைஞ்சுடும், வயிறு போகும், சின்னக் குட்டிக்கு வயிறு போனா உடம்புல தண்ணி வத்திடும். படத்துல பூனை கிண்ணத்துல பால் குடிக்கிறது படத்தோட போகட்டும்.

கடைசியா ஒண்ணு, இது என் சொந்தக் கதை. என் முதல் பூனையை நான் 5 வாரத்துலேயே கூட்டிட்டு வந்துட்டேன். கூடப் பிறந்ததுங்க கூட உருண்டு சண்டை போடுறப்போதான் குட்டி "எவ்ளோ அழுத்திக் கடிச்சா எதிராளி அலறும்"னு கத்துக்கும், ரொம்பக் கடிச்சா அம்மா ஒரு தட்டு தட்டும், விளையாட்டு நின்னு போகும். என் ஆளுக்கு அந்தப் பாடம் கிடைக்கவே இல்ல. 13 வருஷம் என் கணுக்காலைக் கடிச்சான். பாசமாத்தான் கடிச்சான், ஆனா ரத்தம் வர்ற மாதிரி கடிச்சான். 3 வாரம் பொறுக்காததுக்கு 13 வருஷம்.

கேள்வி: சார், குட்டி வர 12 நாள் இருக்கு. ஏறுற மரம், 3 படுக்கை, 9 பொம்மை, தண்ணி ஊத்துற மெஷின் எல்லாம் வாங்கியாச்சு. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். வேற என்ன வாங்கணும்?

பதில்: உங்க வீட்டுக்காரர் சிரிக்கிறதுல தப்பில்ல மா. வாங்கினது போதும், இப்போ வீட்டுலேருந்து எதை எடுக்கணும்னு பாருங்க.

முதல்ல ஒரு ரூமை முடிவு பண்ணுங்க. ஒரே ஒரு சின்ன ரூம், கதவு சாத்துற மாதிரி. முழு வீட்டையும் திறந்து விட்டா குட்டிக்கு அது வீடு இல்ல, பெரிய காடு. கட்டிலுக்கு அடியில பூந்துட்டு 2 நாள் வெளிய வராது, நீங்க டார்ச் அடிச்சுட்டுத் தரையில படுத்திருப்பீங்க. ரூம்ல ஒரு மூலையில சாப்பாடு தண்ணி, எதிர் மூலையில லிட்டர் தட்டு, அதாவது குட்டி ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போக மணல் மாதிரி ஒண்ணைப் போட்டு வைக்கிற தட்டு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வேண்டாம், நமக்கே பிடிக்காதே. தட்டோட விளிம்பு குட்டி காலை எடுத்து வைக்கிற உயரத்துல இருக்கணும். தண்ணி பட்டா கட்டியாகுற லிட்டர் ரொம்பச் சின்னக் குட்டிக்கு வேண்டாம், அது நக்கி முழுங்கிடும். ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி, ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு. நீங்க வாங்கின 3 படுக்கையையும் விட்டுட்டு அதுலதான் தூங்கும், அதுக்கும் இப்பவே மனசைத் தயார் பண்ணிக்குங்க.

அப்புறம் குட்டி உயரத்துக்கு இறங்கி, நிஜமாவே முட்டி போட்டு, அந்த ரூமைச் சுத்திப் பாருங்க. நூல், ரப்பர் பேண்ட், ரிப்பன், முடி கட்டுற பேண்ட் எல்லாம் பொறுக்குங்க. பூனை நாக்குல முள்ளு எல்லாம் உள்பக்கமா சாய்ஞ்சிருக்கும், நூல் ஒரு தடவை வாய்க்குள்ள போனா துப்ப முடியாது, உள்ளேதான் இழுக்கும், குடலைச் சுருட்டிடும். எப்பவாவது வாயிலயோ பின்னாடியோ நூல் தொங்குறதைப் பார்த்தா தயவுசெஞ்சு இழுக்காதீங்க, அப்படியே டாக்டர்கிட்ட ஓடுங்க. லில்லிப் பூ இருந்தா வீட்டை விட்டே அனுப்பிடுங்க, அதோட மகரந்தத் தூள் ரோமத்துல ஒட்டி அதை நக்கினாலே கிட்னி போயிடும், பூ வச்ச தண்ணி கூட விஷம்தான். பாராசிட்டமால் மாத்திரை கீழ விழுந்தா தேடி எடுக்கணும், நமக்குக் காய்ச்சல் மாத்திரை, பூனைக்கு ஒண்ணே உயிரை எடுக்கும். நாய்க்குப் போடுற உண்ணி மருந்து சிலதுல பெர்மெத்ரின்னு ஒண்ணு இருக்கும், அதையும் பூனை மேல போட்டுடக் கூடாது. ஜன்னலுக்கு வலை. வாஷிங் மெஷின் போடுறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுப் பார்க்கிற பழக்கத்தை இன்னைக்கே ஆரம்பிங்க, குட்டி வந்த பிறகு ஆரம்பிக்கலாம்னா மறந்துடுவீங்க.

காசு செலவில்லாத வேலை ஒண்ணு சொல்றேன். நீங்க 2 நாள் போட்டுத் துவைக்காம வச்ச பழைய டி-ஷர்ட்டைக் குட்டி இருக்கிற இடத்துக்குக் கொடுத்து அனுப்புங்க, அது மேல அதுங்க தூங்கட்டும். கூட்டிட்டு வர்றப்போ அதையே கேரியருக்குள்ள, அதான் பூனையைத் தூக்கிட்டு வர்ற கதவு வச்ச கூடைக்குள்ள, போட்டுக் கொண்டு வாங்க. உங்க வாசனையும் இருக்கும், அதோட பழைய இடத்து வாசனையும் இருக்கும். அங்க என்ன சாப்பாடு, என்ன லிட்டர்னு கேட்டு, முதல் 2 வாரம் அதையே வைங்க. நல்லதா வேற வாங்கித் தரேன்னு முதல் நாளே மாத்தினா வயிறு போகும். மாத்தணும்னா பழசுல கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து 7லேருந்து 10 நாள்ல மாத்துங்க.

கேள்வி: வர்றதுக்கு முன்னாடியே பேர் வச்சுடலாமா?

பதில்: வைங்களேன். ஆனா ஆணுக்கான பேரா பெண்ணுக்கான பேரான்னு மட்டும் அடம் பிடிக்காதீங்க. சின்ன வயசுல ஆணா பெண்ணான்னு பார்க்கிறதுல தெரிஞ்சவங்களே தடுமாறுவாங்க, ஆபரேஷனுக்கு மேஜையில ஏத்துற அன்னைக்கு "அட, இது அவன் இல்ல அவ"ன்னு வெளிய வந்து சொன்ன டாக்டரை நான் பார்த்திருக்கேன். மூணு கலர் குட்டின்னா கிட்டத்தட்ட எல்லாமே பொண்ணுதான், ஏன்னா அந்த ஆரஞ்சு நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல உட்கார்ந்திருக்கு, கருப்பும் ஆரஞ்சும் சேர்ந்து வரணும்னா ரெண்டு எக்ஸ் வேணும். மத்தபடி பேர் சின்னதா இருக்கட்டும். 2019ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் பூனைங்களுக்குத் தன் பேரை மத்த வார்த்தைங்கள்லேருந்து பிரிச்சுத் தெரியுதுன்னு காட்டினாங்க. தெரியும், ஆனா திரும்பிப் பார்க்கணும்னு அதுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல.

கேள்வி: எங்களுக்கு ஒரு குட்டி போதும். ஆனா "ஜோடியாத்தான் தருவோம்"னு கட்டாயப்படுத்துறாங்க. தள்ளி விடப் பார்க்கிறாங்களோ?

பதில்: கொஞ்சம் தள்ளி விடுறதும் இருக்கும்தான், இல்லன்னு சொல்லல, அவங்களுக்கும் இடம் காலியாகணுமே. ஆனா ரெண்டு குட்டி ரெண்டு மடங்கு வேலை இல்லங்கிறது அனுபவத்துல நான் பார்த்தது. ராத்திரி 3 மணிக்கு ஒத்தைக் குட்டிக்கு விளையாட நீங்கதான் இருக்கீங்க, ரெண்டா இருந்தா அதுங்களே ஒண்ணை ஒண்ணு துரத்திக்கும். என் கணுக்கால் கதையை மேல படிச்சீங்கல்ல. வீட்டுல எல்லாரும் நாள் பூரா வெளிய போறவங்கன்னா ஜோடியா எடுக்கிறதுதான் நல்லது. டாக்டர் செலவு மட்டும் ரெண்டு மடங்குதான், அதை யோசிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க, முடியலன்னா வெட்கப்படாம முடியலன்னு சொல்லிடுங்க. ஒண்ணு ஆண், ஒண்ணு பெண்ணுன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க, 4 மாசத்துலேயே பெண் குட்டி சினை பிடிக்க வாய்ப்பு இருக்கு, கூடப் பிறந்தது ஆச்சேங்கிற கணக்கெல்லாம் அதுங்களுக்குக் கிடையாது.

கேள்வி: வீட்டுல ஏற்கெனவே 6 வயசுப் பூனை ஒண்ணு இருக்கா. மகாராணி மாதிரி இருப்பா. குட்டி வர்றதை எப்படி எடுத்துக்குவா?

பதில்: மோசமாத்தான் எடுத்துக்குவா. சீறுவா, உங்க மேல கோபமா 4 நாள் முதுகைக் காட்டிட்டு உட்காருவா, அதெல்லாம் நார்மல். நாம பண்ற பெரிய தப்பு, முதல் நாளே குட்டியைக் கையில தூக்கி அவ மூஞ்சிக்கு நேரா நீட்டி "பாரு உன் தங்கச்சி"ங்கிறது. அவளுக்கு அது தங்கச்சி இல்ல, வீடு புகுந்த ஆளு.

இப்போ காத்திருக்கிற நாட்கள் உங்களுக்கு ரொம்ப வசதி. அவளோட ஊசி தேதி தாண்டிடுச்சான்னு பார்த்துப் போட்டுடுங்க. குட்டிக்குன்னு ஒதுக்கின ரூம் கதவை இப்பவே சாத்தி வைக்க ஆரம்பிங்க, ஏன்னா குட்டி வர்ற அன்னைக்குத்தான் அந்தக் கதவு சாத்துதுன்னா, என் இடத்தை இதுதான் பறிச்சுதுன்னு கணக்கு எழுதிடுவா. குட்டி படுத்த துணியைக் கேட்டு வாங்கி, அவ நடமாடுற இடத்துல ஓரமாப் போட்டு வைங்க, சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழ வச்சுத் திணிக்காதீங்க. குட்டி வந்த பிறகு குறைஞ்சது 2 வாரம் தனி ரூம்தான், நோய் ஏதாவது இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சுடும். கதவுக்கு அந்தப் பக்கம் குட்டிக்குச் சாப்பாடு, இந்தப் பக்கம் இவளுக்குச் சாப்பாடு, முதல்ல கொஞ்சம் தள்ளி, அப்புறம் நாளுக்கு நாள் கிட்ட கொண்டு வாங்க. லிட்டர் தட்டு பூனை எண்ணிக்கையை விட ஒண்ணு கூட இருக்கணும், ரெண்டு பூனைக்கு 3 தட்டு. சிலது ஒரு மாசத்துல ஒட்டிப் படுக்கும், சிலது வருஷக்கணக்கா ஒரே சோபாவுல ரெண்டு ஓரத்துல உட்கார்ந்துட்டு இருக்கும், அதுவும் சமாதானம்தான்.

கேள்வி: எழுதக் கை வரல சார். நாங்க ரெண்டு குட்டிக்காகக் காத்துட்டு இருந்தோம். அதுல கருப்புக் குட்டி 2 நாள் வாந்தி எடுத்து போயிடுச்சுன்னு ஃபோன் வந்துச்சு. பேன்லூக்கோபீனியான்னு சொன்னாங்க. ஒரே ஒரு தடவைதான் கையில வச்சிருந்தோம். என் பொண்ணு அதுக்குப் பேர் வச்சு நோட்டுல படம் வரைஞ்சு வச்சிருக்கா. இன்னொரு குட்டி நல்லா இருக்காம். அதை எடுக்கலாமா? கொஞ்சம் முன்னாடியே நாங்க கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருக்குமோ?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். இல்லம்மா. பேன்லூக்கோபீனியா ஒரு வைரஸ் நோய். அந்த வைரஸ் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒரே சமயத்துல தாக்கும், ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்களை அழிச்சுடும், ஊசி சுற்று முடியாத குட்டி நேத்து விளையாடிட்டு இருந்துட்டு இன்னைக்கு எழுந்திருக்காது. அது எந்த வீட்டுல இருந்திருந்தாலும் பெரும்பாலும் இதேதான் நடந்திருக்கும். உங்க வீட்டுல நடந்திருந்தா உங்க பொண்ணு அதைக் கண்ணால பார்த்திருப்பா, அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொரு குட்டியை எடுக்கலாம், ஆனா இப்போ வேண்டாம். நோய் தொத்தியிருந்தா 14 நாளுக்குள்ள காட்டிடும். அந்த 14 நாளும் ஒண்ணும் இல்லாம சாப்பிட்டு, விளையாடி, எடை ஏறினா, அதைப் பார்த்துக்கிறவங்களும் டாக்டரும் சரின்னு சொன்னா கூட்டிட்டு வாங்க. அவங்களை நீங்க ஃபோன்ல கோபமா ஏதாவது பேசியிருந்தா திரும்ப ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிடுங்க, ராத்திரி பூரா கண் முழிச்சது அவங்கதான்.

வேற பூனை இருக்கிற வீடா உங்களுதுன்னு எழுதல. இருந்தா இதைக் கவனிங்க. இந்த வைரஸ் ஒரு வருஷம் வரைக்கும் கூட தரையில, துணியில உயிரோட கிடக்கும், சாதா சோப்புக்கும் கையில தேய்க்கிற சானிடைசருக்கும் அசையாது. குட்டியைப் பார்க்கப் போனப்போ போட்டிருந்த துணியை, செருப்பை, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணி கலந்து 10 நிமிஷம் ஊற வச்சு அலசுங்க. துணி வெளுத்துப் போகும், போகட்டும். மனுஷங்களுக்கு இது வராது, பொண்ணைப் பத்திப் பயப்படாதீங்க.

ஒரே ஒரு தடவை கையில வச்ச குட்டிக்கு இவ்ளோ அழலாமான்னு யாராவது கேட்டா காதுல வாங்காதீங்க. அந்தப் பேரை அடுத்த குட்டிக்கு வைக்கலாமான்னு பொண்ணு கேட்கும். நான்னா வைக்க மாட்டேன், நோட்டுல அந்தப் படத்துக்குக் கீழயே அந்தப் பேர் இருக்கட்டும்னு விட்டுடுவேன். ஆனா அவ என்ன சொல்றாளோ அதைக் கேளுங்க.

கேள்வி: நாளன்னைக்குக் காலையில போய்க் கூட்டிட்டு வர்றோம்! ராத்திரி தூக்கமே வரல. அன்னைக்கு என்ன பண்ணணும், சுருக்கமா சொல்லுங்க.

பதில்: சுருக்கமா சொன்னா ஒண்ணும் பண்ணாதீங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லாதீங்க, ஒரு வாரம் கழிச்சு சொல்லுங்க. வழியில எவ்ளோ கத்தினாலும் கேரியரைத் திறந்து மடியில எடுக்காதீங்க, பயந்த குட்டி வண்டி சீட்டுக்கு அடியில போனா எடுக்கிறது பெரும்பாடு. கிளம்புறதுக்கு முன்னாடி ஊசி விவரம், பூச்சி மருந்து கொடுத்த தேதி, அடுத்த ஊசி எப்போங்கிறதை எழுதி வாங்கிக்குங்க.

வந்ததும் நேரா அந்த ரூமுக்குப் போய்க் கேரியரைத் தரையில வச்சு, கதவைத் திறந்து விட்டுட்டு, நீங்க சுவத்துல சாய்ஞ்சு தரையில உட்காருங்க. கையை உள்ள விட்டு இழுக்காதீங்க. ஏதாவது புத்தகம் படிங்க, சத்தமா படிச்சாலும் நல்லதுதான், உங்க குரல் பழகும். வெளிய வந்தா கண்ணை மெதுவா மூடித் திறங்க, முறைச்சுப் பார்க்காதீங்க. அது 10 நிமிஷத்துலயும் வரலாம், ராத்திரி நீங்க தூங்கின பிறகும் வரலாம். முதல் வேளை சாப்பிடலன்னா பதறாதீங்க, ஆனா ஒரு நாள் பூரா வாயில எதுவும் வைக்கலன்னா, இல்ல அதுக்கு முன்னாடியே துவண்டு கிடந்தாலோ வயிறு போனாலோ, டாக்டருக்கு ஃபோன் போட்டுடுங்க. ராத்திரி கொஞ்சம் அழும், அம்மா வாசனை இல்லாத முதல் ராத்திரி இல்லையா.

கேரியரை மட்டும் வேலை முடிஞ்சுதுன்னு அன்னைக்கே தூக்கி அலமாரி மேல போட்டுடாதீங்க. உள்ள அந்த டி-ஷர்ட்டோட, கதவு திறந்தபடி, ரூம்லயே கிடக்கட்டும். 3 வாரத்துல அடுத்த ஊசிக்குப் போகணும், அப்போ அதுவே உள்ள போய் உட்கார்ந்தா உங்க கையில கீறல் மிச்சம்.